கொலோசெயர், எபேசியர்: ஒரே நிருபத்தை இரண்டு தடவை படிக்கிறோமா?

கல்லணை77 (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் சபை வேதபாடத்துக்கு இப்போது கொலோசெயர் நிருபம் எடுத்திருக்கிறோம். போன வருஷம் எபேசியர். இரண்டும் புதிய ஏற்பாட்டில் பவுல் பெயரில் இருக்கிற கடிதங்கள். மூன்றாம் அதிகாரம் வந்ததுமே குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார், "இதெல்லாம் போன வருஷமே படிச்சாச்சே ஐயா?" என்று.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. பழைய மனுஷனைக் களைந்துபோடுவது, மனைவிகள், புருஷர்கள், பிள்ளைகள், வேலைக்காரர், எஜமான்கள் என்று வரிசையாக வரும் புத்திமதி, சங்கீதங்களும் கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் பாடச் சொல்வது, எல்லாம் அங்கேயும் உண்டு. கடிதத்தைக் கொண்டுபோகிற தீகிக்குவைப் பற்றிய வரிகள் (கொலோ. 4:7-8, எபே. 6:21-22) ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்று.

பவுல் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு ஊருக்கு எழுதினாரா? இல்லை, அதே வார்த்தைகளை வைத்து வேறு வேறு காரியம் பார்க்கிறாரா? தெரிந்தவர்கள் வசனத்தோடு பேசுங்கள். "எல்லாம் தேவவார்த்தைதானே, எத்தனை தடவை படித்தால் என்ன" என்பது எனக்கும் தெரியும், அந்தப் பதில் வேண்டாம்.

நூலகப்பூனை

வேறு வேறு காரியம்தான். கொலோசெயர் ஒரு சண்டைக்கு நடுவில் எழுதப்பட்டது. எபேசியரில் சண்டையே இல்லை.

கொலோசே லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். லவோதிக்கேயாவும் எராப்போலியும் பக்கத்து ஊர்கள். இன்றைய துருக்கியில் தெனிஸ்லி நகரத்தைச் சுற்றிய பகுதி. பவுல் அந்தச் சபையாரை நேரில் பார்த்ததில்லை (2:1). அங்கே சுவிசேஷம் சொன்னவர் எப்பாப்பிரா (1:7). ஊரில் என்ன நடந்தது என்பது 2:16-23ல் இருக்கிறது. போஜனம், பானம், பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள் இவற்றை வைத்து யாரோ சபையாரைக் குற்றவாளிகளாக்குகிறார்கள். தேவதூதர் ஆராதனை என்று ஒன்று ஓடுகிறது. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று கட்டளைகள் போடுகிறார்கள். இவர்கள் யூதப் பழக்கத்துக்காரர்களா, பிரிகியா நாட்டு வழிபாட்டுக்காரர்களா, இரண்டையும் கலந்து வைத்திருந்தவர்களா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்து மட்டும் போதாது, மேலே இன்னும் ஏதோ வேண்டும் என்பது இவர்களின் கட்சி. அது மட்டும் தெளிவு.

அதற்குப் பதில்தான் முழு நிருபமும். 1:16ல் சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள், துரைத்தனங்கள், அதிகாரங்கள் எல்லாம் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டவை என்று சொல்வது வெறும் துதிப்பாட்டு இல்லை. நீங்கள் பயந்து கும்பிடுகிற அந்தச் சக்திகள் அவர் உண்டாக்கியவைதான் என்று மூஞ்சிக்கு நேரே சொல்கிறார். 2:9-10ல் தேவத்துவத்தின் பரிபூரணம் முழுவதும் அவருக்குள் இருக்கிறது, அவருக்குள் நீங்களும் பரிபூரணமாயிருக்கிறீர்கள் என்கிறார். இதற்குமேல் யாரிடம் போய் நிற்பது?

எபேசியரில் இந்த எதிராளிகள் யாரும் இல்லை. 4:14ல் பலவித உபதேசக் காற்று என்று பொதுவாக ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

தெக்கத்தி_மைனர்

பூனை அண்ணே, எபேசியர்ல சண்டையே இல்லன்னு சொல்றீங்க. சர்வாயுதவர்க்கம் எங்க வருது? ஆறாம் அதிகாரத்துலதானே? தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம், பட்டயம்னு ஒரு படையே நிக்குதே.

நூலகப்பூனை

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் மைனர். நான் சொன்னது சபைக்குள் நடக்கும் சண்டை. நீங்கள் சொல்வது வானமண்டலத்துச் சண்டை.

ஆனால் அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கொலோ. 2:15ல் அந்தத் துரைத்தனங்களும் அதிகாரங்களும் சிலுவையிலேயே ஆயுதம் பறிக்கப்பட்டு, வெற்றி ஊர்வலத்தில் வெளியரங்கமாக நடத்தப்படுகின்றன. ரோமத் தளபதி தோற்ற ராஜாக்களைச் சங்கிலியில் கட்டித் தெருவில் இழுத்துப்போவானே, அந்தக் காட்சி. விஷயம் முடிந்துவிட்டது. எபே. 6:12லோ அதே துரைத்தனங்களோடும் அதிகாரங்களோடும் நமக்கு இன்னும் போராட்டம் உண்டு. எபேசியரும் முதல் அதிகாரத்தில் (1:21-22) எல்லாம் அவருடைய பாதங்களுக்குக் கீழ்ப்பட்டது என்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் முடிவில் வாசகனைக் கவசம் போடச் சொல்கிறது. தூதரைக் கண்டு நடுங்குகிறவனிடம் "அவர்கள் தோற்றாச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் மிரட்டாமல் நிம்மதியாக இருக்கிற சபையிடம் "அசந்துவிடாதே" என்று சொல்ல வேண்டும்.

லூர்து_திருச்சி

நான் கத்தோலிக்கன். நிருபத்தை எங்கள் விவிலியத்தில் "திருமுகம்" என்று போட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

என் பார்வையில் முக்கியமான இடம் சிலுவை. இரண்டு கடிதமும் சிலுவையால் சமாதானம் வந்தது என்கின்றன. யாருக்கும் யாருக்கும் சமாதானம்? கொலோ. 1:20ல் பூமியில் உள்ளவை, வானத்தில் உள்ளவை எல்லாம் கடவுளோடு ஒப்புரவாகின்றன. அண்டசராசரமும் அதில் அடக்கம். எபே. 2:16ல் ஒப்புரவாவது இரண்டு மக்கள் கூட்டம்: யூதரும் பிற இனத்தாரும், ஒரே உடலாக.

அடுத்ததாக 2:14ஐப் பாருங்கள், இரண்டிலும் அதே எண்தான். கொலோசெயரில் நமக்கு எதிராக இருந்த கடன்பத்திரம் ஒன்று சிலுவையில் ஆணியடிக்கப்படுகிறது. எபேசியரில் நடுச்சுவர் ஒன்று இடிக்கப்படுகிறது. கடன்பத்திரம் எனக்கும் கடவுளுக்கும் நடுவே இருப்பது. சுவர் எனக்கும் அடுத்த வீட்டுக்காரனுக்கும் நடுவே இருப்பது.

பழைய_தாள்

லூர்து அண்ணன் சொன்ன சுவர் விஷயத்தில் ஒரு தகவல். எருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) நிற்கிற வெளிப்பிராகாரத்துக்கும் உள்பிராகாரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. அதில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். 1871ல் அந்தக் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று முழுசாகவே கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அயலான் எவனும் தடுப்புக்கு உள்ளே வரக்கூடாது, பிடிபட்டால் வரப்போகும் சாவுக்கு அவனே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம்.

இனி அப்போஸ்தலர் நடபடிகள் (அப்.) 21:28-29 எடுத்துப் பாருங்கள். பவுலை எருசலேமில் பிடித்ததற்குச் சொன்ன குற்றச்சாட்டே, கிரேக்கரை ஆலயத்துக்குள் கூட்டிவந்துவிட்டான் என்பதுதான். யாரை? துரோப்பீமுவை. அவன் எந்த ஊர்க்காரன்? எபேசு! அந்தக் கைதில் தொடங்கியதுதான் செசரியா சிறை, ரோமாபுரிப் பயணம் எல்லாம். எபேசியர் நிருபத்தில் சிறையிலிருந்து எழுதுகிற பவுல் நடுச்சுவர் இடிந்தது என்கிறார். அந்த அதிகாரம் எங்கே போய் முடிகிறது? புறஜாதியாரும் சேர்ந்து ஆலயமாகக் கட்டப்படுகிறார்கள் என்று (2:21-22). சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்த ஆட்களே கட்டடத்தின் கல்லாகிவிட்டார்கள்.

ஆசிரியர் மனதில் இருந்தது அந்தத் தடுப்புதான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தையே சுவர் என்கிறார் என்பவர்களும் உண்டு. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது.

எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் எல்லாரும் "பவுல் எழுதினார்" என்றே பேசுகிறீர்களே. கொலோசெயர் பவுலுடையதுதானா என்று மாயர்ஹோஃப் 1838லேயே கேட்டுவிட்டார். எபேசியர் மேல் சந்தேகம் அதற்கும் முந்தியது. இதைப் பேசாமல் நோக்கத்தை எப்படிப் பேச முடியும்?

மூன்று விஷயம் சொல்கிறேன். பவுல் எபேசுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவர் (அப். 19:10, 20:31ல் மூன்று வருஷம் என்று அவரே சொல்கிறார்). அப்படிப்பட்ட ஊருக்கு எழுதும்போது "உங்கள் விசுவாசத்தைக் குறித்துக் கேள்விப்பட்டேன்" (1:15), எனக்கு அளிக்கப்பட்ட நியமத்தைப் பற்றி "கேட்டிருப்பீர்களே" (3:2) என்றா எழுதுவார்? ஒருவருக்காவது பேர் சொல்லி வாழ்த்து இல்லை. நேரில் பார்க்காத கொலோசேக்குக் கடைசி அதிகாரம் முழுக்கப் பேர்கள்!

அடுத்து, பவுலின் 1 கொரிந்தியர் 12ல் சரீரத்தைப் பற்றிச் சொல்லும்போது தலையும் ஓர் அவயவம், அவ்வளவுதான் (12:21). கொலோசெயரிலும் எபேசியரிலும் கிறிஸ்துவே தலை. 1 கொரி. 3:11ல் கிறிஸ்துவைத் தவிர வேறு அஸ்திபாரமே போட முடியாது. எபே. 2:20ல் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம், கிறிஸ்து மூலைக்கல்.

கடைசியாக, ரோமர் 6ல் அவரோடு மரித்தோம், பிழைப்போம் என்று எதிர்காலம். கொலோ. 2:12ல் அவரோடே எழுந்தாயிற்று. எபே. 2:6ல் எழுந்ததோடு நிற்கவில்லை, உன்னதங்களில் உட்கார்ந்தும் ஆயிற்று. படிப்படியாக ஏறுகிறது பாருங்கள். ஒரே மனிதன் ஒரே வருஷத்தில் எழுதியது போலவா இருக்கிறது?

நூலகப்பூனை

முதல் விஷயத்துக்கு மட்டும் பதில். எபே. 1:1ல் "எபேசுவில்" என்ற சொல் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டிய பாப்பிரஸ் 46 என்ற கையெழுத்துப் பிரதியில் இல்லை. சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் முதலில் எழுதியவர்கள் அதை எழுதவில்லை, பின்னால் சேர்த்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பாப்பிரஸ் 46ல் தலைப்பு மட்டும் "எபேசியருக்கு" என்றே இருக்கிறது.

ஆக இது பல சபைகளுக்குச் சுற்றுக்கு விட்ட கடிதம் என்று கொண்டால் வாழ்த்து இல்லாததும் "கேள்விப்பட்டேன்" என்பதும் பிரச்சினை இல்லை. சபை கள்ளப்போதகர் என்று ஒதுக்கிய மார்க்கியோன் இரண்டாம் நூற்றாண்டில் இதை "லவோதிக்கேயருக்கு" என்ற பெயரில் வைத்திருந்ததாக ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் திட்டுகிறார். கொலோ. 4:16ல் லவோதிக்கேயாவிலிருந்து வரும் நிருபத்தை நீங்களும் வாசியுங்கள் என்று இருக்கிறதே, அது இதுதானோ என்று யோசிக்கிறவர்கள் அன்று முதல் இன்று வரை உண்டு.

உங்கள் மற்ற இரண்டு விஷயங்களும் கனமானவை. அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது.

தெக்கத்தி_மைனர்

லவோதிக்கேயருக்கு நிருபம்னு தனியா ஒண்ணு நெட்ல கிடைக்குதே, படிச்சேன். ரொம்பச் சின்னது. அது என்ன கதை?

பழைய_தாள்

போலி. லத்தீனில் கிடைக்கிற 20 வசனம், பெரும்பாலும் பிலிப்பியரிலிருந்து பிய்த்து ஒட்டியது. 546ஐ ஒட்டி எழுதிய ஃபுல்டா என்ற லத்தீன் புதிய ஏற்பாட்டுப் பிரதியில்கூட இருக்கிறது, அதனால் இடைக்காலத்தில் பலர் நம்பிவிட்டார்கள். கொலோ. 4:16ல் ஒரு காலி இடம் இருந்தது, யாரோ ஒருவர் அதை நிரப்பினார். எபேசியரையும் கொலோசெயரையும் ஒப்பிடுகிற இந்த இழைக்கு அதனால் ஒரு பிரயோஜனம் உண்டு: நிஜமாகவே வெட்டி ஒட்டினால் எப்படி இருக்கும் என்று தெரியும். அதில் ஒரு புது எண்ணம்கூடக் கிடையாது.

நெறியாளர்

யார் எழுதியது என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே பல பக்கம் ஓடிவிட்டது. இங்கே போதனை, நோக்கம் இரண்டோடு நிற்போம். எதிர்க்கேள்வி, உங்கள் பதிவை நீக்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ரீட்டா_மிஸ்

நான் வீட்டுச் சட்டப் பகுதியை, அதாவது மனைவி, கணவன், பிள்ளை, அடிமை என்று வரிசையாக வரும் புத்திமதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் எபேசியர் 5 கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஆள் நான். அதனால்தான் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கொலோசெயரில் மனைவிக்கு ஒரு வசனம், கணவனுக்கு ஒரு வசனம், பிள்ளைக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. அடிமைகளுக்கு மட்டும் நாலு வசனம் (3:22-25). எபேசியரில் கணவன் மனைவிக்கே 12 வசனம் (5:22-33). அதிலும் பெரும்பகுதி கணவனுக்குச் சொன்னது. இதை எந்தக் கல்யாணப் பிரசங்கத்திலும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு முந்திய 5:21ல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று இருக்கிறது, அதையும் விட்டுவிட்டுத்தான் வாசிப்பார்கள்.

ஏன் இந்த மாற்றம்? எபேசியருக்குச் சபைதான் தலைப்பு. "சபை" என்று எபேசியரில் எங்கே வந்தாலும் அது உலகம் முழுவதுக்குமான ஒரே சபை. கொலோசெயரில் அந்தப் பெரிய சபையும் வரும் (1:18), நிம்பா வீட்டில் கூடுகிற சின்னக் கூட்டமும் வரும் (4:15). கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவைச் சொல்ல எபேசியருக்குத் திருமணம் கைகொடுக்கிறது, அதனால் அது வளர்கிறது. கொலோசெயரில் அடிமைப் பகுதி ஏன் நீளம்? அந்தக் கடிதத்தோடு ஓர் அடிமை நடந்து வருகிறான். 4:9ல் ஒநேசிமு. தீகிக்குவோடு கூட அனுப்பப்படுகிறவன். "உங்களிலொருவன்" என்று வேறு எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்சபாதமில்லை என்ற வாக்கியம் இரண்டிலும் உண்டு. கொலோ. 3:25ல் அது அடிமைகளுக்குச் சொல்வதன் கடைசியில் வருகிறது: அநியாயம் செய்தவன் அதற்கான பலனை அடைவான், பட்சபாதமே இல்லை. எபே. 6:9ல் அதே வாக்கியம் எஜமானின் பகுதிக்குப் போய்விட்டது. கடுமையாய்ப் பேசி மிரட்டாதே, அவர்களுக்கும் உனக்கும் பரலோகத்தில் எஜமான் ஒருவரே, அவரிடத்தில் பட்சபாதமில்லை. ஒரே வாக்கியம், யார் பக்கம் திரும்பி நின்று சொல்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

கல்லணை77

மிஸ், இதற்குத்தான் இழையே தொடங்கினேன். ஆனால் கொலோசெயர் ஏன் அதை அடிமையிடம் சொல்கிறது? ஒநேசிமுவுக்கு எதிராகவா?

ரீட்டா_மிஸ்

அதை, ஒநேசிமுவின் எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தோடு சேர்த்துத்தான் படிக்கணும் தம்பி. 25 வசனம்தான். எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா என்று கொலோசெயரில் வாழ்த்துச் சொல்கிற அதே ஆட்கள் அங்கேயும் வாழ்த்துச் சொல்கிறார்கள். அர்க்கிப்புவும் இரண்டிலும் உண்டு.

பிலேமோன் 18ல் பவுல் என்ன சொல்கிறார்? அவன் உமக்கு அநியாயம் செய்திருந்தால், கடன் பட்டிருந்தால், என் கணக்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த வசனத்தில் என் கையாலேயே எழுதித்தருகிறேன், நான் தீர்ப்பேன் என்கிறார். சபை முன்னால் சத்தமாக வாசிக்கிற கடிதத்தில் அநியாயம் செய்தவன் பலனை அடைவான் என்று பொதுச்சட்டம். அந்த வீட்டுக்குப் போகிற கடிதத்தில் "பில்லை என் பேருக்குப் போடுங்கள்". இரண்டும் ஒரே பயணத்தில் போயிருந்தால் பிலேமோன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஊர் முன்னால் சட்டம் அவர் பக்கம். ஆனால் அதை அவர் பிரயோகிக்க முடியாதபடி பவுல் கட்டிப்போட்டுவிட்டார். அதுவும் அந்தக் கடிதம் அவருக்கு மட்டும் இல்லை, அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து எழுதியது (வசனம் 2). நைசாக மாட்டிவிடுகிற ஆள் பவுல்!

அடிமைமுறையே தப்பு என்று மூன்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதை மறைத்துப் பேசவும் கூடாது. எபேசியரின் "மிரட்டாதே"யை விட, பிலேமோன் 16ல் "இனிமேல் அடிமையானவனாக அல்ல, பிரியமான சகோதரனாக" என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

எதிர்க்கேள்வி

நெறியாளர் மன்னிக்கணும், ஒரு வரி மட்டும். கொலோசெயர் பவுலுடையது இல்லை என்கிறவர்களுக்கும் பிலேமோன் ஒரு தலைவலி. அவ்வளவு சின்ன, அந்தரங்கக் கடிதத்தின் பேர்ப்பட்டியலைப் போலிக்காரன் ஏன் எடுத்துப் போடணும்? பவுலின் கையெழுத்து மாதிரி காட்டத்தான் என்று பதில் சொல்வார்கள். எனக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. எபேசியர் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதில் மாற்றமில்லை.

இன்னொரு சுவையான சங்கதி. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோகியா பிஷப் இக்னாத்தியுஸ் எபேசு சபைக்கு எழுதும்போது அங்கே பிஷப்பாக ஒநேசிமு என்று ஒருவரைப் பெயர் சொல்கிறார். அவர்தான் இவர், பவுலின் நிருபங்களைத் தொகுத்ததே அவர்தான், அந்தத் தொகுப்புக்கு முன்னுரையாக எழுதப்பட்டதே எபேசியர் என்று அமெரிக்க அறிஞர் குட்ஸ்பீட் பக்கம் ஒரு வாதம் உண்டு. நிரூபிக்க வழியில்லை. ஒநேசிமு என்பது அடிமைகளுக்குச் சர்வசாதாரணமாக வைக்கிற பேர்.

லூர்து_திருச்சி

முன்னுரை வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் எபேசியர் எல்லாவற்றையும் மேலே இருந்து பார்க்கிறது என்பது உண்மை. 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடுகிறது. கொலோசெயரில் பழைய ஏற்பாட்டு மேற்கோள் என்று நேரடியாக ஒன்றுகூட இல்லை. எபேசியரில் சங்கீதம் 68 (4:8), ஆதியாகமம் 2:24 (5:31), தாய் தகப்பனைக் கனம்பண்ணு (6:2-3) எல்லாம் வருகிறது. ஆவியானவர் கொலோசெயரில் வெளிப்படையாக ஒரே ஒரு இடத்தில்தான் (1:8). எபேசியரில் அதிகாரம் தவறாமல் இருக்கிறார்.

பாட்டுப் பாடுகிற வசனத்தையே எடுங்கள். கொலோ. 3:16ல் கிறிஸ்துவின் வசனம் உங்களுக்குள் நிறைவாக இருக்கட்டும், அதனால் பாடுங்கள். எபே. 5:18-19ல் ஆவியினால் நிறையுங்கள், பாடுங்கள். தப்பான உபதேசம் நுழைந்த சபைக்கு வசனம்தான் மருந்து.

நூலகப்பூனை

லூர்து சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலோ. 3:9: ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருங்கள், பழைய மனுஷனைக் களைந்துவிட்டீர்களே. எபே. 4:25: பொய்யைக் களைந்து மெய் பேசுங்கள், நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறோமே. கட்டளை ஒன்றுதான். முதலாவது, நீ யாராக மாறினாய் என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. இரண்டாவது, நீ யாரோடு ஒட்டியிருக்கிறாய் என்பதைக் காட்டுகிறது. எபேசியரை எழுதியவர் கொலோசெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரோ, மனதில் வைத்துக்கொண்டு எழுதினாரோ, கை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் "சேர்ந்திருப்பது" என்கிற பக்கமாகவே திருப்புகிறார்.

கல்லணை77

அப்படியானால் எங்கள் குழுவில் பாதி வழியில் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. கொலோசெயரைத் தொடர்கிறோம், வீட்டுச் சட்டம் வரும்போது எபேசியர் பக்கத்தில் திறந்திருக்கட்டும். பிலேமோனை எப்போது வைப்பது? முதலிலா, கடைசியிலா?

ரீட்டா_மிஸ்

3:22க்கு முந்தின வாரம் வையுங்கள் தம்பி. ஒநேசிமு யார் என்று தெரிந்தபிறகு அந்த நாலு வசனத்தை ஒருத்தரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவரை.

தெக்கத்தி_மைனர்

மிஸ் வகுப்புல நான் இல்லாம போனேனே. ஒரே ஒரு டவுட்டு: அர்க்கிப்புகிட்ட "ஊழியத்தை நிறைவேற்றப் பார்"னு 4:17ல சபை முன்னாடி சொல்லச் சொல்றாரே, அது எந்த ஊழியம்?

பழைய_தாள்

எழுதவில்லை மைனர். அர்க்கிப்புவுக்கும் சபைக்கும் அது தெரியும் என்பதால் எழுதத் தேவைப்படவில்லை. இந்த மாதிரி ஒரு வரி எபேசியரில் எங்கே தேடினாலும் கிடைக்காது.